இறாலைத் தொடாதீங்கன்னு சொன்ன டாக்டர் நான்தான்

கொஞ்சம் நீளமான இழை. டீயைக் கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

போன வாரம் ஒரு மறுவீட்டு விருந்து. பக்கத்து இலையில ஒரு பெரியவர், அறுபத்தஞ்சு வயசு இருக்கும். இறால் தொக்கை ஒரு விரலால தள்ளி இலை ஓரத்துல ஒதுக்கி வச்சுட்டார். அப்புறம் கோலா உருண்டை நாலு. நெய் மினுமினுக்குற பிரியாணி ரெண்டாவது ரவுண்டு. பரிமாறுற பையன் மறுபடி வந்தப்ப கையைக் காட்டி "இன்னொரு கரண்டி" வேற.

"ஏன் சார், இறால் பிடிக்காதா?"ன்னு கேட்டேன்.

"உசுரு சார் எனக்கு. ஆனா கொலஸ்ட்ரால் இருக்கே. டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரல. அப்படிச் சொன்ன டாக்டரா நானும் இருந்திருக்கேன். ஒருத்தர்கிட்ட இல்ல, நூறு பேர்கிட்ட சொல்லியிருப்பேன். அதுல ஒருத்தரைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

2013. படிப்பு முடிச்சு எனக்கு முதல் வேலை நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். காலையில ஓபியில நூத்தம்பது பேர். பாதிப் பேர் மேல மீன் வாசம். மீதிப் பேர் மேல தைல வாசம்.

அந்த அக்காவுக்கு அப்ப 52 வயசு. இறால் உரிக்கிற வேலை. விடியக்காலை நாலு மணிக்குப் போய் ஐஸ் தண்ணியில கையை விட்டா பத்து மணிவரைக்கும் உரிக்கணும். கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. விரல் நுனியெல்லாம் வெடிச்சு, ஊறி, வெள்ளையா இருக்கும். சர்க்கரை இருந்துச்சு, மெட்ஃபார்மின் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்தப்ப கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்றோமே, அந்த எல்டிஎல், 168.

"என்ன சாப்பிடுவீங்க அக்கா?"

"என்னா தம்பி கேக்குற, கடக்கரையில இருந்துக்கிட்டு என்னா சாப்புடுவோம்? உடைஞ்ச எறாலு, நண்டு, மட்டி. கெடச்சா கணவா. பெருசெல்லாம்தான் கப்பல் ஏறிப் போயிடுதே."

நான் பேனாவைக் கூடக் கீழ வைக்கல. "இறால், நண்டு, கணவாய், மட்டி எதையும் தொடக்கூடாது. எல்லாம் கொழுப்பு. இந்த மாத்திரையை ராத்திரி ஒண்ணு போடுங்க." முப்பது செகண்ட் ஆகியிருக்கும். அடுத்த நோயாளி உள்ள வந்துட்டார்.

அவங்க என் பேச்சை அப்படியே கேட்டாங்க. அதுதான் பிரச்சனையே.

ரெண்டரை வருஷம் கழிச்சு ஒரு சாயங்காலம் ரெண்டு பசங்க அவங்களைத் தாங்கிப் பிடிச்சு கூட்டிக்கிட்டு வந்தாங்க. வேர்த்து ஊத்துது. "நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு தம்பி." இசிஜி எடுத்தோம். மாரடைப்பு. ஆஸ்பிரின் கொடுத்து, மத்த மாத்திரைகளையும் கொடுத்து, 108-ல ஏத்தி மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். ஆண்டவன் புண்ணியத்துல பிழைச்சாங்க. ஸ்டென்ட் வச்சாங்க.

ஒரு மாசம் கழிச்சு ரிப்போர்ட்டோட என்கிட்ட வந்தாங்க. உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"நாந்தான் எறாலத் தொடவே இல்லையே தம்பி. எனக்கு எப்படி வந்துச்சு?"

என்கிட்ட பதில் இல்ல. ஃபைலைப் புரட்டினேன். எல்டிஎல் 171. ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி இருந்ததைவிட மூணு புள்ளி கூட.

"மாத்திரை?"

"வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேனே, அப்புறம் மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டேன். சக்கர மாத்திரை மட்டும் போடுவேன்."

"சரி, இறாலுக்குப் பதிலா என்ன சாப்பிட்டீங்க?"

சோறு, ரசம், அப்பளம். காலையில வேலைக்கு நடுவுல டீயும் பன்னும். மதியம் திரும்பி வரும்போது பெட்டிக்கடையில போண்டா. கையில காசு இருந்தா பேக்கரி பப்ஸ். பல நாள் பழகின எண்ணெயில பொரிச்ச போண்டாவும் வனஸ்பதி போட்ட பப்ஸும். நான் வேண்டாம்னு சொன்ன பட்டியல்ல அதெல்லாம் இல்லையே! அதனால அவங்க மனசாட்சிப்படி அது தப்பே இல்ல.

இது மட்டும் இல்ல. போன ஒரு வருஷமா "கால் மதமதன்னு இருக்கு, செருப்பு கழண்டு போறதே தெரியல"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. சர்க்கரையால நரம்பு பாதிப்புன்னு நானே எழுதி வச்சிருக்கேன். மருத்துவக் கல்லூரியில யாரோ ஒரு நல்ல பயிற்சி மருத்துவர் பி12 பார்த்திருக்கார். அடிமட்டத்துல இருந்துச்சு. ஹீமோகுளோபின் 8.4.

மெட்ஃபார்மின் வருஷக்கணக்குல சாப்பிட்டா பி12 சத்தை உடம்பு உறிஞ்சுறது குறையும். இது எங்க பாடப்புத்தகத்துலயே இருக்கு. அந்தச் சத்து அதிகமா இருக்குற சாப்பாடு எது தெரியுமா? மட்டி, சிப்பி, நண்டு. உலகத்துல இருக்குற உணவுகள்லயே ஆட்டு ஈரலோட போட்டி போடுற அளவுக்கு மட்டியில பி12 உண்டு. இரும்புச்சத்தும் உண்டு. அவங்க காசு கொடுத்து வாங்காம, கடல் சும்மா கொடுத்துக்கிட்டு இருந்த மருந்து அது. ஒரு கையால மாத்திரையைக் கொடுத்து, இன்னொரு கையால அதோட பக்கவிளைவுக்கான மருந்தை நானே பிடுங்கி வச்சிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஆனா அப்பவும் "இறால் சாப்பிட்டிருந்தா இன்னும் மோசமாகியிருக்கும்"னுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்த நினைப்பை உடைச்சது ஒரு டாக்டர் இல்ல. ஒரு இறால் பண்ணைக்காரர்.

வனாமி இறால் வளர்க்கிறவர். ரத்த அழுத்தத்துக்கு மாசாமாசம் வருவார். அவருக்கும் நான் அதே பாட்டைப் பாடினேன். அவர் சிரிச்சுட்டார். "சார், நாங்க இறாலுக்குப் போடுற தீவனத்துலயே கொலஸ்ட்ராலைத் தனியா சேர்க்கிறாங்க. அது இல்லாட்டி இறால் வளராது, செத்துப் போயிடும். கம்பெனிக்காரங்க வந்து கிளாஸ் எடுத்தப்ப சொன்னாங்க. அது கெட்டதுன்னா அதுக்கு எதுக்கு சார் போடுறாங்க?"

நான் நம்பல. வீட்டுக்குப் போய்த் தேடினேன். அவர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை.

நம்ம உடம்புக்குக் கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தெரியும். இறாலுக்கும் நண்டுக்கும் தெரியாது. பூச்சி, நண்டு, இறால் வகையறா எதுக்குமே தெரியாது. ஆனா அது இல்லாம அதுங்களால ஒரு நாள் வாழ முடியாது. செல் ஒவ்வொண்ணோட சுவருக்கும் வேணும். அதைவிட முக்கியம், இறால் வளரணும்னா பழைய ஓட்டைக் கழட்டணும். பண்ணைக்காரங்க மோல்டிங்னு சொல்லுவாங்க. ஓட்டைக் கழட்டச் சொல்லி உடம்புக்குக் கட்டளை போடுற ஹார்மோன் கொலஸ்ட்ராலில் இருந்துதான் தயாராகுது. அதனால கடல்ல இருக்குற இறால் சின்னச்சின்ன உயிர்களைத் தின்னு, கிடைக்கிற கொலஸ்ட்ராலை ஒரு துளி வீணாக்காம சதையில சேர்த்து வைக்குது. இறால்ல கொலஸ்ட்ரால் அதிகமா இருக்குறதுக்குக் காரணம் அது கொழுத்த பிராணி என்பதில்லை. ஓடு மாத்துற பிராணி என்பதுதான்.

சரி, அப்ப அந்த இறாலை நாம சாப்பிட்டா?

இங்கதான் நம்ம மொழி ஒரு குழப்பம் பண்ணுது. ஆட்டு வயித்துல வெள்ளையா தொங்குறதும் கொழுப்பு. ரத்தத்துல பார்க்குறதும் கொழுப்பு. எதிர்த்துப் பேசுற பையனுக்கு இருக்கிறதும் கொழுப்பு! இந்த மூணாவதை விடுங்க. முதல் ரெண்டும் வேற வேற பொருள். ஒண்ணு கொழுப்பு அமிலங்களால் ஆன கொழுப்பு, எண்ணெய், நெய் எல்லாம் அந்த ஜாதி. இன்னொண்ணு கொலஸ்ட்ரால், மெழுகு மாதிரியான வேறொரு பொருள். "இறால்ல கொழுப்பு அதிகம்"னு நான் அக்காகிட்ட சொன்னது வார்த்தைக்கு வார்த்தை பொய்.

100 கிராம் பச்சை இறாலை எடுத்துக்கோங்க. கொலஸ்ட்ரால் 150-லிருந்து 190 மில்லிகிராம்வரை. கிட்டத்தட்ட ஒரு முட்டை. ஆனா மொத்தக் கொழுப்பு 1 கிராமைச் சுத்தித்தான். அதுல நிறைவுற்ற கொழுப்பு அரை கிராம்கூட இல்ல. புரதம் 20 கிராமை ஒட்டி. கோழி நெஞ்சுக்கறியைவிடக் கொழுப்பு கம்மி.

ரத்தத்துல எல்டிஎல்-ஐ ஏத்துறதுல பெரிய கை யாருன்னா, நாம தின்கிற கொலஸ்ட்ரால் இல்ல. நிறைவுற்ற கொழுப்பு. நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய், ஆட்டுக்கொழுப்பு, அப்புறம் பேக்கரி வனஸ்பதியில இருக்குற டிரான்ஸ் கொழுப்பு. ஏன்னு கேட்டா, நம்ம கல்லீரல் மேல சின்னச்சின்ன கதவுகள் இருக்கு. ரத்தத்துல சுத்துற எல்டிஎல்-ஐ உள்ள இழுத்துப் போடுற கதவுகள். பிரவுன், கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு அமெரிக்க மருத்துவர்கள் அதைக் கண்டுபிடிச்சு 1985-ல நோபல் பரிசு வாங்கினாங்க. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானா அந்தக் கதவுகள் குறைஞ்சு போகும். எல்டிஎல் ரத்தத்துலயே தங்கிடும். நாங்க கொடுக்கிற ஸ்டாட்டின் மாத்திரை இதுக்கு நேர்மாறு. கல்லீரல் சொந்தமா கொலஸ்ட்ரால் தயாரிக்கிறதைக் குறைச்சு, கதவுகளை அதிகமாக்கும்.

நாம சாப்பிடுற கொலஸ்ட்ரால்ல சராசரியா பாதிதான் குடல்ல உள்ள போகுது. உடம்போட தேவையில பெரும் பங்கை உடம்பே தயாரிச்சுக்குது. வெளியில இருந்து கொஞ்சம் கூட வந்தா, பெரும்பாலானவங்களுக்கு உள்ளூர் உற்பத்தி தானா குறையும்.

இது வாய்ப்பேச்சு இல்ல. நியூயார்க்ல ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துல செஞ்சு பார்த்து 1996-ல வெளியிட்டாங்க. கொலஸ்ட்ரால் அளவு சரியா இருக்குற 18 பேருக்குத் தினமும் 300 கிராம் இறால், மூணு வாரம். முந்நூறு கிராம்! நம்ம வீட்டுல நாலு பேர் குழம்புக்கு வாங்குற அளவு அது. என்ன ஆச்சு? எல்டிஎல் 7 சதவீதம் ஏறுச்சு. ஆமா, ஏறுச்சு. மறைக்க மாட்டேன். ஆனா நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் 12 சதவீதம் ஏறுச்சு. டிரைகிளிசரைடு 13 சதவீதம் இறங்குச்சு. அதே ஆளுங்களுக்குத் தினம் ரெண்டு முட்டை கொடுத்தப்ப எல்டிஎல் 10 சதவீதம் ஏறியிருக்கு.

சின்ன ஆய்வுதான், ஆரோக்கியமானவங்க மேல செஞ்சதுதான். அதை வச்சு "இறால் இதயத்துக்கு மருந்து"ன்னு யாராவது வாட்ஸப்ல அனுப்பினா நம்பாதீங்க. ஆனா தினம் 300 கிராம் தின்னே இவ்வளவுதான் ஏறுதுன்னா, வாரம் ரெண்டு நாள் குழம்புல ஆறு இறால் சாப்பிடுற அக்காவோட 168-க்கு இறால் எப்படிப் பொறுப்பாகும்?

மட்டி, சிப்பி கதை இன்னும் சுவாரஸ்யம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

பழைய உணவுப் பட்டியல்கள்ல சிப்பி வகைகளுக்குக் கொலஸ்ட்ரால் ரொம்ப அதிகம்னு போட்டிருப்பாங்க. காரணம், அந்தக் காலத்துல அளந்த முறை. சாறு எடுத்து ஒரு ரசாயனத்தை விட்டா நிறம் மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கொலஸ்ட்ரால்னு கணக்கு. ஆனா மட்டியும் சிப்பியும் இறால் மாதிரி வேட்டையாடுறது இல்ல. வாயைத் திறந்து வச்சுக்கிட்டு கடல் தண்ணியை வடிகட்டி, அதுல மிதக்குற கண்ணுக்குத் தெரியாத பாசியைத் தின்னு வாழுறவை. பாசியில இருக்குறது கொலஸ்ட்ரால் இல்ல, அதோட ஒன்றுவிட்ட தம்பிகள், தாவர ஸ்டெரால்கள். ரசாயனத்துக்கு அண்ணன் தம்பி வித்தியாசம் தெரியல. எல்லாத்தையும் கொலஸ்ட்ரால்னு எண்ணிருச்சு. பிறகு வாயு நிறப்பிரிகைன்னு ஒரு நுட்பம் வந்து ஒவ்வொண்ணையும் தனித்தனியா பிரிச்சுக் காட்டினப்பதான், மட்டி, சிப்பியில உண்மையான கொலஸ்ட்ரால் பலவற்றுல 100 கிராமுக்கு 30-லிருந்து 50 மில்லிகிராம்தான்னு தெரிஞ்சுது. இறால்ல மூணுல ஒரு பங்குகூட வராது சில வகைகள்ல.

அந்தத் தம்பிகள் சும்மாவும் இருக்குறதில்ல. குடல்ல கொலஸ்ட்ரால் உள்ள நுழையிற வழியில இவங்களும் வரிசையில நின்னு இடத்தைப் பிடிச்சுக்குவாங்க. 1990-ல அமெரிக்காவுல 18 ஆண்களை வச்சு கணவாய் உட்பட ஆறு வகைக் கடலுயிர்களை மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வுல, மட்டி, சிப்பி வகைகளைச் சாப்பிட்ட வாரங்கள்ல குடல் உறிஞ்சுற கொலஸ்ட்ராலே குறைஞ்சிருந்துச்சு. தண்டனை வாங்கினவன் நிரபராதி மட்டும் இல்ல, உதவி செஞ்சவன்.

கணவாயைப் பத்தி நேர்மையா சொல்லணும். கொலஸ்ட்ரால்ல இந்தக் கூட்டத்துக்கே அவர்தான் தலைவர், 100 கிராமுக்கு 230 மில்லிகிராமைத் தொடுவார். ஆனா கொழுப்பு ஒன்றரை கிராமுக்குள்ள. அந்தக் கொழுப்புலயும் கணிசமான பங்கு ஒமேகா-3. கணவாய் பிரச்சனையாகுறது கடல்ல இல்ல, வாணலியில. மைதா மாவுல புரட்டி மோதிரம் மோதிரமா பாமாயில்ல பொரிச்சு மயோனைஸ்ல முக்கிச் சாப்பிட்டுட்டு கணவாய் மேல பழி போடுறது நியாயமா?

இந்த உயிர்கள்ல இருக்குற கொஞ்சக் கொழுப்பும் எங்க இருக்குன்னா, பெரும்பாலும் செல் சுவர்ல. ஆட்டுல மாதிரி மடிப்பு மடிப்பா சேமிச்சு வச்ச கொழுப்பு இல்ல. குளிர்ந்த தண்ணியிலயும் செல் சுவர் விறைச்சுப் போகாம இளக்கமா இருக்கணும், அதுக்கு ஒமேகா-3 உதவுது. வெண்ணெய் ஃப்ரிட்ஜுல கல்லாகும், மீன் எண்ணெய் ஆகாது, அந்தக் கணக்குதான். அதுக்காக ஒமேகா-3 வேணும்னு இறாலை வாங்காதீங்க. மொத்தக் கொழுப்பே 1 கிராம்னா அதுல எவ்வளவு இருந்துடப் போகுது? அதுக்கு மத்தி மீன் வாங்குங்க. விலையும் கம்மி, சத்தும் பல மடங்கு.

சேமிப்புக் கிடங்கு அதுங்களுக்கும் ஒண்ணு இருக்கு. இறால் தலைக்குள்ள ஆரஞ்சா, நண்டு ஓட்டுக்குள்ள மஞ்சளா இருக்கே, அதுதான். ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. கொழுப்பு, கொலஸ்ட்ரால் எல்லாம் அங்கதான் குவிஞ்சிருக்கும். ருசியும் அங்கதான், தெரியும். நானும் உறிஞ்சுறவன்தான். ஆனா கடல் தண்ணியில இருக்குற காட்மியம் மாதிரி உலோகங்களும் அங்கதான் சேரும். அதனால எப்பவாவது சரி. தினம் வேண்டாம்.

"இறால் கூடாது"ங்கற பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, 1968-ல அமெரிக்க இதய சங்கம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல சாப்பிடாதீங்கன்னு சொன்னது. அந்த எண்ணை வச்சுப் பார்த்தா இறால் குற்றவாளிதான். அமெரிக்க அரசோட உணவு வழிகாட்டி 2015-ல அந்த உச்சவரம்பை எடுத்துட்டாங்க. கொலஸ்ட்ராலை அள்ளித் தின்னுங்கன்னு அவங்க சொல்லல. எண்ணை மட்டும் பார்த்து உணவை எடை போடாதீங்கன்னு அர்த்தம். நான் படிச்ச காலத்துல மனப்பாடம் பண்ணினது பழைய எண். அதை நாகப்பட்டினம் கடற்கரையில ஒரு ஏழையோட தட்டுக்குள்ள தூக்கிப் போட்டுட்டேன்.

இப்ப "அப்ப எல்லாரும் சாப்பிடலாமா டாக்டர்?"ன்னு கமெண்ட்ல நாப்பது பேர் கேட்பீங்க. முன்கூட்டியே சொல்லிடறேன்.

இறால் ஒவ்வாமை இருந்தா ஒரு துண்டுகூட வேண்டாம். அது உயிரைக் குடிக்கிற விஷயம். யூரிக் அமிலம் ஏறி கால் கட்டைவிரல் வீங்குறவங்க அளவா, டாக்டரைக் கேட்டு. சிறுநீரகப் பிரச்சனை உள்ளவங்களும் அப்படியே. பரம்பரையாவே எல்டிஎல் 190-க்கு மேல நிக்கிற குடும்பங்கள் இருக்கு, முப்பது நாப்பது வயசுல மாரடைப்பு வர்ற வீடுகள். அவங்க கொலஸ்ட்ராலையும் எண்ணித்தான் சாப்பிடணும், ஆனா அவங்களுக்கு இறாலை விடுறது போதவே போதாது, மாத்திரை கட்டாயம். சென்னாக்குன்னி, இறால் கருவாடு பிரியர்களே, உங்க பிரச்சனை கொலஸ்ட்ரால் இல்ல, உப்பு. பிரஷர் இருந்தா கையைக் கட்டுங்க.

சமைக்கிற விதம்தான் பாக்கி விஷயம். கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி ஊத்தினா அதுல மட்டும் 20 கிராமை ஒட்டி நிறைவுற்ற கொழுப்பு இருக்கு. குழம்புல போட்ட கால் கிலோ இறால்ல ஒரு கிராம் தேறுறது கஷ்டம். சுரைக்காய் போட்டு, முருங்கைக்காய் போட்டு, புளி ஊத்தி வைக்கிற இறால் குழம்பு இருக்கே, அதுக்கு ஈடு எதுவும் இல்ல. ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் போதும்.

அக்கா விஷயத்துக்கு வர்றேன்.

பண்ணைக்காரர் கேள்விக்கு அப்புறம் ரெண்டு வாரம் படிச்சேன். அடுத்த தடவை அவங்க வந்தப்ப கதவைச் சாத்தச் சொன்னேன். நர்ஸம்மாவுக்கே ஆச்சரியம். "அக்கா, நான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேன். இறால், நண்டு, மட்டி நீங்க சாப்பிட்டிருக்கலாம். விடக்கூடாதது மாத்திரையை"ன்னு சொன்னேன்.

திட்டுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் என் மேசையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"ரெண்டரை வருசமா தம்பி... வூட்ல புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டுட்டு நான் ரசத்த ஊத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். உரிக்கிற கைக்குத் திங்கக் குடுத்து வெக்கலன்னு மனசத் தேத்திக்கிட்டேன்."

என்கிட்ட மன்னிப்புக் கேட்கிறதுக்கு வார்த்தை தயாரா இருந்துச்சு. வாயில வரல.

பி12 ஊசி போட்டோம். ஸ்டாட்டினைத் தவறாம போட்டாங்க, நானே மாசாமாசம் அட்டையை எண்ணிப் பார்ப்பேன். போண்டா, பப்ஸ் நிறுத்தம். வாரம் ரெண்டு மூணு நாள் மட்டியோ நண்டோ இறாலோ. ஆறு மாசத்துல எல்டிஎல் 64. ஹீமோகுளோபின் 11. கால் மதமதப்பு பெரும்பாலும் போயிருச்சு. இடது கால் விரல் ரெண்டுல மட்டும் இன்னும் உணர்ச்சி திரும்பல. இனிமே திரும்பாது.

எனக்கு அங்கிருந்து மாறுதல் வந்த அன்னைக்கு ஒரு தூக்குவாளியில மட்டிக் குழம்பு கொண்டு வந்தாங்க. "நீயும் தின்னு தம்பி, ஒண்ணும் ஆவாது"ன்னு எனக்கே வைத்தியம் சொல்லிட்டுப் போனாங்க.

விருந்துப் பந்திக்குத் திரும்புறேன். பெரியவர் இலையில இறால் தொக்கு இன்னும் ஓரத்துலதான் இருந்துச்சு.

"சார், நானும் டாக்டர்தான். தப்பா நினைக்காதீங்க. கொலஸ்ட்ரால் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"எழுதிக் கொடுத்தாங்க சார். ஆறு மாசமா நிறுத்திட்டேன். அதான் இறாலை விட்டுட்டேனே!"

அந்த அக்கா குரல் அப்படியே காதுல கேட்டுச்சு.

பாயசம் வர்றதுக்குள்ள பத்து நிமிஷம் பேசினேன். கோலா உருண்டையைக் கையால மூடிக்கிட்டு கேட்டார் மனுஷன். பழைய ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு திங்கட்கிழமை கிளினிக் வரேன்னு சொல்லியிருக்கார். எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தொக்கை இலை நடுவுக்கு இழுத்துக்கிட்டார்.